லோலின் மாயேலும் பதினேழு ‘வீ’யும்

எங்கள் அலுவலகத்தில் லோலின் மாயேலுக்குக் கொடுத்திருந்த மேசை, நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் இருந்தது. இயந்திரம் ஓடினால் மேசை நடுங்கும். கதவு திறந்தால் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். பதினான்கு வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்து, தலைநகரான போர்ட் விலாவிலிருந்து தீவுகளுக்குப் போகிற அறிவிப்புகளை எல்லாம் பிஸ்லாமாவில் எழுதிக் கொடுத்தாள்.

தீவுக்குத் தீவு, மலைக்கு மலை வேறு பேச்சு உள்ள நாடு எங்களுடையது. ஒருவரையொருவர் திட்டவும் காதலிக்கவும் ஏமாற்றவும் எங்களுக்குப் பொதுவாக இருப்பது பிஸ்லாமா ஒன்றுதான். அதில் எழுதுகிறவளுக்குக் கழிப்பறைக் கதவோரம் இடம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஜன்னலோரம். அங்கிருந்து துறைமுகம் தெரியும். பிரெஞ்சில் எழுதுகிற இரண்டு பேருக்கு மின்விசிறி.

என் வேலை கோப்பு அடுக்குவது. என் அலமாரி லோலினின் மேசைக்கு நேர் எதிரே. ஆகவே இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்தது.

லோலின் லுகன்வில் நகரத்தில் பிறந்தவள். அம்மா பாமா தீவு, அப்பா அம்ப்ரிம். அப்பா பேச்சு அம்மாவுக்குத் தெரியாது, அம்மா பேச்சு அப்பாவுக்குத் தெரியாது. இருவரும் பிஸ்லாமாவில்தான் சண்டை போட்டார்கள். அதுவே குழந்தைக்குத் தாய்மொழி ஆயிற்று. சண்டையில் கேட்டுக் கற்ற மொழி என்பதால், யார் யாரைச் சேர்த்துச் சொல்கிறார்கள், யாரை விலக்கிச் சொல்கிறார்கள் என்பதில் அவள் காதுக்கு அப்போதே ஒரு கூர்மை வந்துவிட்டது.

முதலில் பிரெஞ்சுப் பள்ளி, வீட்டுக்குப் பக்கம் என்பதால். அப்பா தலைமை ஆசிரியரோடு மோதிக்கொண்ட பிறகு ஆங்கிலப் பள்ளி. அங்கே பிஸ்லாமா பேசினால் மாலையில் புல் வெட்ட வேண்டும். ஒருநாள் ஆசிரியர் அந்தத் தண்டனையை ஆங்கிலத்தில் அறிவித்தார். ஒரு பிள்ளையும் அசையவில்லை. இரண்டாம் முறையும் ஆங்கிலம், அப்போதும் அசையவில்லை. மூன்றாம் முறை பிஸ்லாமாவில் கத்தினார். எல்லோரும் எழுந்து கத்தியை எடுத்துக்கொண்டு போனார்கள். லோலின் மட்டும் நின்று கேட்டாள்:

“சார், அப்ப நீங்களும் வருவீங்களா?”

அன்றைக்கு அவளுக்கு மட்டும் இரண்டு பங்கு புல்.

வளர்ந்து, ஒரு கப்பல்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு பயணத்தில் நூமியா துறைமுகத்தில் இறங்கியவன், மறுபடி ஏறவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு விலாவுக்கு வந்து, தேர்வு எழுதி, கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்தாள்.

அவளுடைய மேலதிகாரி ஜோத்தம் தாபி. பெந்தகொஸ்ட் தீவுக்காரர். இரண்டு வருடம் பிரிஸ்பேனில் படித்தவர். போகும்போது இருந்த மூக்கை அங்கே விட்டுவிட்டு வேறு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்ததுபோலப் பேசுவார். அவருடைய கொள்ளுத்தாத்தா அதே பக்கத்துக்குக் கரும்பு வெட்டப் போய், திரும்பும்போது பிஸ்லாமாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். கொள்ளுப்பேரன் அங்கே போய் அதைத் தொலைத்துவிட்டு வந்தார். பிஸ்லாமாவைச் ‘சமையல்கட்டுப் பேச்சு’ என்பார். கோப்புப் பெட்டி ஒன்று அவர் கால் கட்டைவிரலில் விழுந்த அன்றைக்கு அவர் வாயிலிருந்து பதினைந்து சொல் வந்தது. ஒன்றுகூட பிரிஸ்பேன் சரக்கு இல்லை.

லோலினுடைய எழுத்தில் அவருக்கு இருந்த குறை, அது புரிகிறது என்பதுதான். ஒருமுறை சுகாதார அறிவிப்பு ஒன்று வந்தது. கரையோர நீர்ப்பரப்பைச் சுகாதாரத் தேவைகளுக்காகப் பயன்படுத்துவதிலிருந்து சமூகங்கள் விலகியிருக்குமாறு அறிவுறுத்தப்படுவதாக ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. லோலின் இரண்டே வாக்கியம் எழுதினாள்: கடலில் வெளிக்குப் போகாதீர்கள். குழி வெட்டுங்கள்.

“என்ன லோலின் இது? எவன் படிச்சாலும் புரியுதே.”

“புரியத்தான் எழுதினேன் சார்.”

“கவர்மெண்ட் பேசுறது இப்படியா இருக்கும்? கொஞ்சம் கனமா இருக்க வேண்டாமா? இதைப் படிச்சா எவனோ பக்கத்து வீட்டுக்காரன் சொன்ன மாதிரி இருக்கு.”

“பக்கத்து வீட்டுக்காரன் சொன்னா கேப்பாங்க சார்.”

தாபி தானே உட்கார்ந்து அதைத் திருத்தினார். ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் பிஸ்லாமா வால் ஒட்டினார். அறிவிப்பு அச்சாகிக் கப்பலேறிப் போயிற்று. வடக்கே ஒரு தீவில் அதைப் படித்தவர்கள், கடலில் இறங்கினால் இனிமேல் வரி என்று முடிவு செய்தார்கள். மூன்று வாரம் ஒருவனும் மீன் பிடிக்கப் போகவில்லை. கடையில் டின் மீன் தீர்ந்துபோயிற்று. எதை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு போனதோ அது மட்டும் நிற்கவில்லை. அது விடிவதற்கு முன் நடக்கிற காரியம், வரி கேட்கிறவன் எழுந்திருக்க மாட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் லோவனு கிராமத்துக் காகிதம் வந்தது.

லோவனு ஒரு நல்ல விரிகுடா. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அங்கே படகுத்துறையும் ஓட்டலும் கட்ட நினைத்தது. எழுபத்தைந்து வருடக் குத்தகை. கிராமத்தில் படித்துக் காட்ட நாலு பக்க அறிக்கை. எங்கள் அலுவலகமும் கம்பெனியும் சேர்ந்து எழுதியது. அழகான ஆங்கிலம். அதில் பதினேழு இடத்தில் ‘வீ’ என்று இருந்தது.

லோலின் முதல் ‘வீ’யிலேயே பேனாவை வைத்துவிட்டாள்.

பிஸ்லாமாவில் ‘வீ’ கிடையாது. யூமி உண்டு, அது நாம். மிஃபாலா உண்டு, அது நாங்கள். கேட்கிறவனை வீட்டுக்குள் வைக்கிற சொல் ஒன்று, வாசலில் நிறுத்துகிற சொல் ஒன்று. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. பிரெஞ்சுப் பிரதியைப் பார்க்கலாம் என்று லோலின் மின்விசிறிப் பக்கம் போய் வாங்கி வந்தாள். அவர்களும் அதே சாக்கைத்தான் வைத்திருந்தார்கள். தையல் கொஞ்சம் நன்றாக இருந்தது.

தாபியிடம் போனாள்.

“சார், ‘லாபத்தை வீ பகிர்ந்துகொள்வோம்’னு இருக்கு. இதுல லோவனு ஜனங்க சேர்த்தியா இல்லையா?”

“வீன்னா வீதான். இதுல என்ன சந்தேகம் உனக்கு?”

“நாமளா, நாங்களா?”

தாபி காகிதத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“கேக்க எது நல்லா இருக்கோ அதைப் போடு.”

“கேக்க நாமதான் நல்லா இருக்கு.”

“அப்ப அதையே போடு.”

“ஆனா நெசமா அது?”

“லோலின், உன்னை எழுதத்தான் வெச்சிருக்கு. ஆராய்ச்சி பண்ண வெக்கல. சந்தேகம்னா அட்வைசரைக் கேளு.”

ஆலோசகர் ப்ரோக்டர் வெள்ளைக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்வார், எங்கள் கிழங்குக் களியான லப்லப்பைக் குறை சொல்லாமல் சாப்பிடுவார். அந்த அறிக்கையில் பெரும்பகுதி அவர் எழுதியது. லோலின் அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பென்சிலைக் கூராக்கிக்கொண்டாள். அலமாரிக்கு இந்தப் பக்கம் நான் ஒரே கோப்பை ஐந்து முறை அடுக்கினேன்.

“படகுத்துறை வீ கட்டுவோம்னு இருக்கு. கட்டி முடிச்சதும் அது யாரோடது?”

“கம்பெனியோடது.”

“அப்ப நாங்க.” பென்சிலால் ஒரு கோடு. “ஓட்டல் லாபம் வீ பகிர்ந்துகொள்வோம். யார் யாரு?”

“பங்குதாரர்கள்.”

“லோவனுவுல யாராவது பங்குதாரரா?”

“இப்போதைக்கு இல்லை.”

“நாங்க.” இன்னொரு கோடு. “பவளப்பாறைக்குச் சேதம் வந்தா வீ பொறுப்பேற்போம். இது?”

ப்ரோக்டர் கொஞ்சம் யோசித்தார். “அது எல்லோருடைய பொறுப்பும்தானே.”

“நாம,” என்று லோலின் ஒரு வட்டம் போட்டாள்.

பதினேழும் முடிவதற்குள் ப்ரோக்டரின் காது சிவந்துவிட்டது. “இருபது வருஷமா இப்படித்தான் எழுதறேன். யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்லை,” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். அந்த வாரம் மேலிடத்துக்கு அனுப்பிய குறிப்பில், உள்ளூர் மொழி சில சிரமங்களை உண்டாக்குகிறது என்று எழுதினார்.

லோலின் எழுதிக் கொடுத்த பிரதியில் தாபி பதினேழு இடத்திலும் யூமி போட்டு அச்சுக்கு அனுப்பினார். நாம், நாம், நாம் என்று நாலு பக்கமும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

லோவனுவுக்குச் சின்ன விமானத்தில் போனோம். தாபி, லோலின், கோப்புப் பெட்டி தூக்க நான். ப்ரோக்டருக்கு அன்றைக்கு வயிற்றுவலி. விமானம் எங்களைத் திங்கட்கிழமை இறக்கிவிட்டு, வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

கூட்டம் தேவாலயத்துக்கு முன்னால் ஆலமரத்தடியில். ஆண்களின் கூடத்தில் வைத்தால் பெண்கள் உள்ளே வர முடியாது, நிலமோ அங்கே பாதிப் பேருக்குத் தாய்வழி. கிராமத் தலைவர் மோலிவுரா நடுவில் உட்கார்ந்தார். குட்டையான மனிதர்; கண்ணாடியின் ஒரு காதுக்கு மீன்பிடி நரம்பு கட்டியிருந்தார். முன்வரிசையில் எத்தெல் என்ற பெண். பாறையில் சிப்பியும் நண்டும் பொறுக்கி விற்பவள். பாறை போனால் முதலில் போவது அவள் பிழைப்பு.

தாபி அறிக்கையைத் தானே படித்தார். பிஸ்லாமாவைப் பிரிஸ்பேன் மூக்கால் படித்தார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். நாம் கட்டுவோம், நாம் பகிர்வோம், நாம் வளர்வோம். பின்வரிசையில் இரண்டு கிழவர்கள் ஏற்கெனவே தலையாட்ட ஆரம்பித்திருந்தார்கள். முடிந்ததும் மோலிவுரா கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா இருக்கு தம்பி. இப்ப பேப்பரை மடிச்சு வை. எனக்கு வாயால சொல்லு. ஓட்டல்ல காசு வர ஆரம்பிச்சா என்ன நடக்கும்?”

தாபிக்குப் பேச்சில் நம்பிக்கை உண்டு. இரண்டு கையையும் விரித்தார். மூக்கை மறந்தார். ஊரில் பேசுகிற மாதிரி இயல்பாகப் பேசினார்.

“அது சுலபம் தலைவரே. மொதப் பத்து வருஷம் வர்றதை நாங்க எடுத்துக்குவோம், போட்ட மொதலுக்கு. அதுக்கப்புறம் நாங்க உக்காந்து பேசி…”

மிஃபாலா என்றார். ஒரே மூச்சில் இரண்டு முறை.

தலையாட்டிய கிழவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

“நாங்களா?” என்றார் மோலிவுரா.

“நாம. நாமன்னு சொல்ல வந்தேன்.”

“சரி. பாறை கெட்டுப்போச்சுன்னா?”

“அதை நாம எல்லாரும் சேந்துதான் பாத்துக்கணும்.”

“இது மட்டும் வழுக்காம வருதே,” என்றாள் எத்தெல்.

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் போயிற்று. தாபியின் கழுத்து வியர்த்தது. அங்கேயே சும்மா இருந்திருக்கலாம். படித்தவர், சும்மா இருக்கத் தெரியவில்லை.

“அம்மா, அக்கா, எல்லாரும் கேளுங்க. இந்த மொழிக்கு இலக்கணமே கிடையாது. உடைஞ்ச இங்கிலீஷ் இது. நாமன்னாலும் நாங்கன்னாலும் ஒண்ணுதான். இதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கக் கூடாது.”

இதை ஒரு பிழையும் இல்லாத பிஸ்லாமாவில் சொன்னார். லோலின் அதைப் பிறகு எனக்கு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் காட்டினாள்.

எத்தெல் கையைத் தூக்கினாள். “தம்பி, ஒரு சந்தேகம். இலக்கணமே இல்லாத மொழியில நீ தப்புப் பண்ணினது எங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல எப்படித் தெரிஞ்சுது?”

தாபி பதிலுக்குத் திரும்பிப் பார்த்தார். கிடைத்தது லோலின்தான்.

“நீயே சொல்லு லோலின். இது சும்மா பேச்சு வழக்குதானே?”

லோலினின் கை மடியில் இருந்தது. விரல்கள் பாவாடைத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. பயந்திருந்தாள். விலாவில் வாடகை வீடு, பள்ளியில் மகள், பதினான்கு வருட வேலை. அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் பையிலிருந்து பென்சில் போட்ட பழைய பிரதியை எடுத்தாள்.

“நீங்க கேட்டதால சொல்றேன் சார். மொத்தம் பதினேழு. எழுதினவரையே கேட்டு நான் குறிச்சு வெச்சிருக்கேன். பதிமூணு நாங்க. நாலு நாம.”

“அந்த நாலு எது தங்கச்சி?” என்று கேட்டார் மோலிவுரா.

“வேலி போடுறது. ரோட்டுல புல்லு வெட்டுறது. பாறை கெட்டா பொறுப்பு. சண்டை வந்தா கோர்ட்டுச் செலவு.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மோலிவுரா எழுந்து, வெயில் ஏறுகிறது, விருந்தாளிகள் சாப்பிட வேண்டும் என்றார். கூட்டம் முடிந்தது.

சோறு போடுவதில் லோவனு ஒரு குறையும் வைக்கவில்லை. வாழையிலையில் வெந்த லப்லப், தேங்காய்ப்பால் ஊற்றிய கீரை, கோழியில் நல்ல பகுதி எல்லாம் தாபிக்குத்தான். குத்தகைப் பேச்சு மட்டும் இல்லை. விமானத்துக்கு இன்னும் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் எந்தப் பாதையில் நடந்தாலும் பிள்ளைகள் பின்னால் வந்து, “மிஃபாலா போறாரு, மிஃபாலா குளிக்கப் போறாரு” என்று ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டார்கள். பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டினார்கள். அதட்டிவிட்டு அவர்களும் அந்தப் பெயரையே சொன்னார்கள். புதன்கிழமை மாலை எத்தெல் அவர் இலையில் இரண்டாவது நண்டை வைத்துவிட்டு, “சாப்பிடுங்க மிஃபாலா, பாறை இருக்கிற வரைக்கும் கிடைக்கும்” என்றாள்.

விமானத்தில் அவர் லோலினிடம் ஒரே வாக்கியம் பேசினார். அது ஆங்கிலத்தில் இருந்தது.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. இனி எந்த அறிவிப்பிலும் ‘வீ’ வரக் கூடாது. அதற்குப் பதில், தரப்பினர் என்ற பொருளில், ‘பார்ட்டிஸ்’ என்று போட வேண்டும். அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட வேண்டும். லோலின் அதை எதிர்த்து எழுதவில்லை. எழுத அவள் அங்கே இல்லை. பிறப்பு, திருமணம் பதிகிற அலுவலகத்துக்கு அவளை மாற்றியிருந்தார்கள். அவள் இடத்துக்குச் சூவா நகரில் பட்டம் வாங்கிய இளைஞன் ஒருவன் வந்தான். சொன்னபடி செய்தான். எங்கள் ஊரில் ‘பார்ட்டி’ என்றால் ஒன்று கட்சி, இல்லாவிட்டால் விருந்து. அடுத்த குத்தகைக் காகிதம் ஒரு கிராமத்துக்குப் போனபோது, பார்ட்டி எந்தக் கிழமை, பன்றி எத்தனை அடிக்க வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

லோவனு பெரிதாக ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. படகுத்துறைக்கு மட்டும் முப்பது வருடம் எழுதிக் கொடுத்தார்கள். அதில் யார் என்ன செய்வார் என்று பெயர் போட்டு எழுதச் சொன்னார்கள், கிடைத்தது. ஓட்டல் அங்கே வரவில்லை. கம்பெனி அடுத்த விரிகுடாவுக்குப் போய், சட்டத் தெளிவுக்காக என்று சொல்லி ஆங்கிலக் காகிதத்தை மட்டும் நீட்டியது. அந்த ஊர்த் தலைவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று பெயர். கையெழுத்துப் போட்டார். ஓட்டல் இன்று அழகாக நிற்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் காலையில் போய் அதைக் கூட்டுகிறார்கள். தாபிக்குப் பதவி உயர்வு வந்தது, ஜன்னல் பெரிதாயிற்று.

நான் ஒருமுறை பதிவு அலுவலகத்துக்கு மாமன் மகனின் பிறப்புச் சான்று வாங்கப் போனேன். லோலின் கொஞ்சம் பருத்திருந்தாள். மேசை வாசலுக்குப் பக்கத்தில், காற்று வந்தது. அவளுக்கு எதிரே ஒரு ஜோடி. பையன் புதுச் சட்டை, பெண் பூப்போட்ட அங்கி, காதில் செம்பருத்தி. கல்யாணப் படிவத்தை லோலின் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் எங்க இருப்பீங்க?”

“ஃப்ரெஷ்வோட்டாவுல வீடு பாத்தாச்சு அக்கா,” என்றான் பையன் உற்சாகமாக. “அங்கதான் இருப்போம், மிட்ரிஃபாலா.”

எங்கள் மொழியில் இருவர் என்றால் அதற்கொரு சொல், மூவர் என்றால் அதற்கொரு சொல். நாங்கள் மூன்று பேர் என்று சொல்லிவிட்டான். லோலின் அப்படியே எழுதப் போனாள். பெண் கையெழுத்துக்காக எடுத்திருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள்.

“மூணாவது யாரு?”

“அம்மாதான். வேற யாரு?”

“எங்கிட்ட எப்ப சொன்னே?”

“சொல்லணும்னுதான்…”

“வெளிய வா.”

இருவரும் வெளியே பலாமரத்தடிக்குப் போனார்கள். முக்கால் மணி நேரம் அவள் குரல் கேட்டது, அவன் குரல் கேட்கவில்லை. அதற்குள் லோலின் என் சான்றை எழுதி முத்திரை போட்டுவிட்டாள். நான் போகாமல் நின்றேன்.

திரும்பி வந்தபோது பையனின் சட்டை கசங்கியிருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, லோலினைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்துச் சொன்னான்:

“நாங்க ரெண்டு பேரு அக்கா. அம்மா பக்கத்துத் தெருவுல.”

“பக்கத்துத் தெருவா, அதுக்கு அடுத்த தெருவா?” என்று கேட்டாள் பெண்.

லோலின் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.